மூன்றாம் தூணின் கம்பி

படுதா அக்காவின் குடித்தனம் போய்விடும் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்த அந்த நாலு நாளும் நான் கூடவே இருந்தேன். கூட என்றால் கீழே. மாடிப்படிக்கு அடியில், ஒரு ஆள் மடங்கி உட்காரும் பொந்தில் பூட்டுக் கடை வைத்திருப்பவன் நான். யார் ஏறுகிறார், யார் எந்த முகத்தோடு இறங்குகிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாமல் நடக்காது. வம்பு பேசுகிறவன் என்று சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

கட்டடம் பழைய சந்தைக் கட்டடம். வயது நானூறு என்கிறார்கள், நான் எண்ணிப் பார்க்கவில்லை. தானியம் விற்கக் கட்டினார்களாம். அப்புறம் துணிக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். துணி வந்தால் அளவுச் சண்டையும் கூடவே வருமே, அதற்காக வாசலிலிருந்து மூன்றாவது தூணில், மார்பு உயரத்தில், ஒரு இரும்புக் கம்பியைப் படுக்கை வாட்டில் வைத்து ஈயம் ஊற்றிப் பதித்தார்கள். இதுதான் ஒரு கஜம், இதற்குக் குறைய அளந்தவனை மாடிக்கு இழுத்து வா என்று உத்தரவு. மாடி அறையில் ஒரு நீதிபதி உட்கார்ந்திருந்தாராம். அவர் போன பிறகு பட்டாளம் வந்து தூணுக்குத் தூண் வளையம் அடித்துக் குதிரை கட்டியது. ஒரு காய்ச்சல் வருஷத்தில் வரிசையாகக் கட்டில் போட்டு ஆஸ்பத்திரி. அது ஓய்ந்ததும் மீன். மின்சாரம் வந்த கையோடு ஒருவர் பதினோரு வருஷம் சினிமா ஓட்டினார், நீதிபதி அறைச் சுவரில் இரண்டு சதுர ஓட்டை போட்டது அவர்தான். யுத்தக் காலத்தில் அரிசி மூட்டை. பிறகு மறுபடி மீன், காய்கறி, முட்டை. குதிரை கட்டிய வளையத்தில் வெங்காயப் பை தொங்கும். யார் வந்தாலும் கட்டடம் ஏன் என்று கேட்டதில்லை.

இப்போது நகராட்சி இதை நாடக அரங்கு ஆக்கப் போகிறது. கடைகள் பஸ் நிலையத்துப் பக்கம் புதுச் சந்தைக்குப் போய்விட்டன. ஐயோ பழைய இடம் போச்சே என்று கண்ணைக் கசக்க ஆள் தேடினால் கிடைக்காது. மீன்காரம்மாவிடம் ஒரு பத்திரிகைக்காரன் வந்து கேட்டே விட்டான். அவள் சொன்னாள், "முப்பது வருஷம் குடம் குடமா தண்ணி தூக்கின கை தம்பி இது. அங்க குழாயத் திறந்தா வருது. கதவு வச்ச கக்கூசு இருக்கு. பழசுதான் நல்லாருந்துச்சுன்னு எவளாவது சொன்னா, அவள ஒரு நாள் என் குடத்தத் தூக்கச் சொல்லு." அவன் எழுதிக்கொள்ளவில்லை.

மிச்சம் இருந்தது இரண்டே குடி. நான் ஒன்று. எனக்குப் பொந்து, யாருக்கும் வேண்டாத இடம். இன்னொன்று மாடியில் அந்த நீதிபதி அறை. அதில் படுதா அக்கா, அவள் புருஷன் தச்சர், தச்சரின் தங்கை என்று மூன்று பேர். சந்தைக் கடைகளுக்கெல்லாம் படுதா தைத்தது அக்காவும் நாத்தனாரும். படுதாவைத் தாங்கும் சட்டம் அடித்தது தச்சர். பத்தொன்பது வருஷக் குடித்தனம். அக்கா அந்தச் சதுர ஓட்டையில் தலையை நீட்டித்தான் கீழே இருப்பவர்களோடு பேசுவாள். "பூட்டண்ணே, தேத்தண்ணி போட்டாச்சு, ஏறி வரீங்களா, எறக்கி விடட்டா?" என்பாள். முட்டி வலிக்காரனாகிய நான் இறக்கிவிடச் சொல்வேன். தூக்குப் பாத்திரம் கயிற்றில் இறங்கி வரும்.

அந்த ஓட்டைதான் வினை. வேலையை நடத்த வந்த இன்ஜினியரம்மா முப்பது வயதுகூட ஆகாத பெண். முதல் நாளே மாடி ஏறி ஓட்டை வழியாக மேடை இருக்கும் திசையைப் பார்த்துவிட்டு, "விளக்கு வைக்கறதுக்குன்னே கட்டின ரூம் மாதிரி இருக்கு" என்றாள்.

"நாங்க இருக்கறதுக்குன்னு கட்டலதான் மேடம்" என்றாள் அக்கா. "ஆனா இருக்கோம்."

இன்ஜினியரம்மா கெட்டவள் இல்லை. உட்கார்ந்தாள், கொடுத்த ரொட்டியையும் அவித்த முட்டையையும் சாப்பிட்டாள். பிறகு நேராகச் சொன்னாள். "விளக்க பால்கனியிலயும் மாட்டலாம், எனக்குக் கொஞ்சம் வேலை கூடும். ஆனா கமிட்டி கேக்கும், எதுக்கு இவங்கள உள்ள வச்சிருக்கீங்கன்னு. அதுக்கு ஒரு பதில் வேணும். திரை, மேடை, கயிறு இதையெல்லாம் கூடவே இருந்து பாத்துக்க ஆளு வேணும்னு நான் எழுதலாம். திரைய நீங்க தைக்கிறீங்களா? சார் மேடையக் கட்டட்டும். அடுத்த மாசம் கடைசி வெள்ளிக்கிழமை கமிட்டி வந்து பாக்கும். நல்லா இருந்தா ரூம் உங்களுக்கு. இல்லைன்னா வெளியூர் கம்பெனி ஒண்ணு தயாரா இருக்கு, திரையும் அவங்க, பராமரிப்பும் அவங்க. அப்ப ரூமக் காலி பண்ணித்தான் ஆகணும்."

"படுதாதான மேடம்" என்றாள் அக்கா. "இந்தக் கட்டடத்துல நான் தைக்காத படுதாவா?"

மறுநாள் தச்சர் ஏணி வைத்து ஏறி மேலே உத்தரத்திலிருந்து மேடைப் பலகை வரப்போகும் மட்டம் வரை அளந்தார். அளந்தது அவர்கள் வீட்டுக் கோலால். நல்ல முற்றின மரத்தில், தூணில் இருக்கும் கம்பிக்கு நேராக வைத்து அறுத்த கோல். சரியாக ஏழு கோல் வந்தது. அக்கா ஆலைக்கு எழுதிப் போட்டாள்: கனத்த வெல்வெட் துணி, ஆழ்ந்த சிவப்பு, இருபத்துநாலு பட்டை, பட்டை ஒவ்வொன்றும் ஏழு கஜம், மடிப்புக்கு மேல்கொண்டு ஆறு அங்குலம். அரங்குத் துணி தீப்பிடிக்கக் கூடாது. அதனால் ஆலையிலேயே வெட்டி, மருந்தில் முக்கி, காயவைத்து அனுப்புவார்கள். வர நாற்பது நாள் ஆனது.

வந்த அன்று அறைக்குள் கால் வைக்க இடமில்லை. அடுப்பைப் படிக்கட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாடும் அங்கேயே. அவித்த உருளைக்கிழங்கும் உப்பும் தட்டில் வைத்துக்கொண்டு என் தலைக்கு மேல் மூன்று பேரும் ஆளுக்கொரு படியில் உட்கார்ந்திருப்பார்கள். அந்தத் துணிக்கு ரோமம் ஒரு பக்கமாகப் படியும். எல்லாப் பட்டையும் ஒரே பக்கம் படிந்தால்தான் விளக்கில் ஒரே நிறமாகத் தெரியும். அக்கா ஒவ்வொரு பட்டையையும் மேலிருந்து கீழாகத் தடவித் தடவிப் பார்த்து, தலைப்பில் சாக்குக்கட்டியால் அம்பு போட்டாள். நாத்தனார் இரண்டாவது மெஷினில். கீழ் மடிப்புக்குள் கனமாகத் தொங்குவதற்குச் சங்கிலி கோத்தார்கள். பன்னிரண்டு நாள் மெஷின் சத்தம் ஓயவில்லை. எனக்குப் பல்லெல்லாம் கூசியது.

"அண்ணி, இத முடிச்சதும் ஒரு வாரம் நான் ஊசியத் தொடமாட்டேன்" என்று நாத்தனார் சொல்வது கேட்கும்.

"ரூம் நிலைச்சா ஒரு மாசம் தொடாத. இப்ப தை."

செவ்வாய்க்கிழமை காலையில் மாட்டினார்கள். எட்டு ஆள் தோளில் சுமந்து வந்து, தச்சர் உத்தரத்தில் உட்கார்ந்து கொக்கி கொக்கியாக மாட்டினார். நான் கடையை மூடிவிட்டுப் போனேன், இதைப் பார்க்காமல் பூட்டு என்ன பூட்டு. கயிற்றை இழுத்ததும் இரண்டு பக்கமும் அலையலையாக வந்து நடுவில் சேர்ந்தது. அவ்வளவு அழகு. பிறகு நாத்தனார் மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணி, அண்ணன் செருப்பு தெரியுது."

திரைக்குப் பின்னால் இறங்கி நின்ற தச்சரின் இரண்டு காலும், கணுக்கால் வரை, பளிச்சென்று தெரிந்தன. திரைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான இடைவெளி. இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை.

அக்கா சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள், கொக்கி எங்கோ தவறியிருக்கும் என்ற நினைப்பில். எல்லாக் கொக்கியையும் பார்த்தார்கள். கோலை எடுத்துத் திரையை அளந்தாள். ஏழு வரவில்லை. மடிப்பைப் பிரித்து அளந்தாள், சரியாகவே மடித்திருந்தாள். முகம் வெளுத்துப்போய், "ஆலைக்காரன் ஏமாத்திட்டான்" என்றாள். ஆலைக்காரன் துணியோடு ஓர் அளவு நாடா அனுப்பியிருந்தான், சரிபார்த்துக்கொள்ள. கட்டுப் பிரிக்காமல் கிடந்தது. நாத்தனார் ஓடிப்போய் எடுத்து வந்தாள். நாடாவில் அளந்தால் ஏழு கஜம். மயிரிழை கூடக் குறையவில்லை.

அக்கா நாடாவைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் தூணுக்கு நடந்தாள். நாங்கள் பின்னால் போனோம். கம்பியின் ஒரு முனையில் நாடாவை வைத்து மறுமுனைக்கு இழுத்தாள். கம்பி, நாடாவின் கஜத்தைத் தாண்டி ஓர் அங்குலம் நீண்டிருந்தது. ஒரே ஓர் அங்குலம். ஏழு கஜத்துக்கு ஏழு அங்குலம்.

நானூறு வருஷத்துக்கு முந்தைய கஜம் அது. இப்போதைய கஜம் வேறு. வெளியே இருக்கும் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். உள்ளே இருக்கிற நாங்கள்தான் கண்டுகொள்ளவில்லை. கடைப் படுதாக்கள் இந்தக் கம்பியில் வெட்டியவை, அவற்றின் சட்டங்களும் இதே கம்பியில் அறுத்தவை, ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தின. பொருந்துகிற அளவை யார் சந்தேகப்படுவார்கள்? அக்கா முதல்முறையாக வெளியே அளவு சொல்லி அனுப்பினாள், முதல்முறையே மாட்டிக்கொண்டாள்.

"அகலத்துல கொறஞ்சா மடிப்பு தின்னுக்கும், வெளிய தெரியாது" என்றாள். "உயரத்துல என்ன செய்வேன். ஒட்டுப் போட துணி இல்ல. வேற துணிய ஒட்டினா தீயணைப்பு ஆபீசர் கிட்டவே விடமாட்டார். ஆலையில கேட்டா நாப்பது நாள். இன்னிக்கு செவ்வாய்."

அன்று அவள் சாப்பிடவில்லை. தச்சர் சாப்பிட்டார். அதுவே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படிக்கட்டில் நடந்த பேச்சு முழுக்க என் காதில் விழுந்தது, நான் ஒன்றும் ஒட்டுக் கேட்கவில்லை, கேட்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"உங்களுக்கு வயித்துல எறங்குதா?" என்றாள்.

"பசிக்குது."

"நான் குடியக் கெடுத்துட்டு நிக்கிறேன், ஒரு வார்த்த திட்டக்கூட மாட்டீங்களா?"

"திட்டினா துணி வளருமா?"

"வளராது. எனக்குக் கொஞ்சம் ஆறும்."

தச்சர் தட்டை வழித்து நக்கிவிட்டு, "உப்பு கம்மி" என்றார். அதுதான் அவர் திட்டு. நாத்தனார் சிரித்துவிட்டாள், அக்கா இரண்டு பேரையும் விட்டுவிட்டு உள்ளே போய்ச் சாமான் கட்ட ஆரம்பித்தாள். பாத்திரம் உருளும் சத்தம். போர்வைகளை மூட்டை கட்டினாள். பத்தொன்பது வருஷம் இருந்த இடத்தை அரை நாளில் கட்டிவிடலாம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

புதன்கிழமை விடிந்ததும் மழை. நான் குடையை மடக்கி உள்ளே வந்தபோது தச்சர் மேடையின் முன்பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு மாதம் இழைத்து, தேய்த்து, எண்ணெய் பூசிய மேடை. தன் வேலையைத் தொட்டு இன்னொரு தடவை செய்யச் சொன்னால் ஒரு வாரம் பேசாத மனுஷன் அவர். ஆணியைப் பிடுங்கிப் பிடுங்கி வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்.

அக்கா ஓட்டையில் தலையை நீட்டினாள். "என்ன பண்றீங்க?"

"துணிய எறக்க முடியாது. மேடைய ஏத்தலாம்."

"ஏழு அங்குலமா?"

"ஏழு அங்குலம்."

தலை மறைந்தது. அடுத்த நிமிஷம் அவள் படியில் தடதடவென்று இறங்கி வந்தாள். "வேணாம். என் தப்புக்கு உங்க வேலையப் பிரிக்காதீங்க. அதப் பாத்துக்கிட்டு என்னால நிக்க முடியாது."

"நிக்காத. அந்த முனையப் பிடி."

"நான் சொல்றது காதுல விழுதா?"

"கோல்ல அளந்தது யாரு?" என்றார் தச்சர், பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஏணியில ஏறினது நானு. ஏழுன்னு சத்தம் போட்டுச் சொன்னது நானு. நீ எழுதின. தப்புல பாதி என்னுது, அத நீயே மொத்தமா வச்சுக்கலாம்னு பாக்காத. முனையப் பிடி."

அவள் முனையைப் பிடித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே பிடித்தாள்.

மேடைக்கு அடியில் முப்பத்திரண்டு கால். ஒவ்வொன்றுக்கும் அடியில் ஏழு அங்குலத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். கட்டைக்கு எங்கே போவது? இந்த மழையில் நன்றாகக் காய்ந்த மரம் கிடைக்காது. நாத்தனார் புதுச் சந்தைக்கு ஓடினாள். பழைய மீன் மேஜைகள் இரண்டு அங்கே மூலையில் கிடந்தன, புதுச் சந்தையில் பளிங்கு மேடை கட்டிக் கொடுத்துவிட்டார்கள். மீன்காரம்மா தள்ளுவண்டியில் மேஜைகளோடு அவளே வந்து இறங்கினாள்.

"முப்பது வருஷம் உப்புத் தண்ணியில ஊறின காலு. செல்லு அரிக்காது, எலி கடிக்காது" என்றாள். "நாத்தம் மட்டும் என் கையில இல்ல."

மேஜைக்கு நான்காக எட்டுக் கால், காலுக்கு நான்கு கட்டை. கணக்குச் சரியாக இருந்தது. லாரிக்காரன் ஒருவனிடம் ஜாக்கி வாங்கி வந்தோம். இரும்பைத் திருகுவது என் தொழில் என்று ஜாக்கியை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். மூலை மூலையாக ஒரு விரல் ஏற்று, நிறுத்து, அடுத்த மூலைக்குப் போ. ஒரே பக்கம் ஏற்றினால் மேடை முறுக்கிக்கொள்ளும். என் முட்டி என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டியது. தச்சர் அடியில் படுத்துக் கட்டை சொருகுவார், அக்கா மட்டப் பலகை பிடிப்பாள், நாத்தனார் எண்ணுவாள். வியாழன் சாயங்காலம் முப்பத்திரண்டாவது கட்டையும் ஏறியது. மேடை ஏறும் படிக்கட்டில் தச்சர் ஒரு புதுப் படி சேர்த்தார். திரையை இழுத்தோம். சங்கிலி பலகையில் உரசி ஒரு சின்னச் சத்தம் கேட்டது. யாருடைய செருப்பும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கமிட்டி. மூன்று பேர், கூட இன்ஜினியரம்மா. அவர்களுக்கு முன்னாலேயே பூனைகள் வந்துவிட்டன. நாலு பூனை மேடைக்கு முன்னால் உட்கார்ந்து பலகையை முகர்ந்துகொண்டிருந்தன. நாத்தனார் விளக்குமாற்றை வைத்து விரட்ட, அவை இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்தன.

திரை மூடியது, திறந்தது. கமிட்டி தலையாட்டியது. இன்ஜினியரம்மா மட்டும் நாடாவை எடுத்து மேடை உயரத்தை அளந்தாள். நெற்றி சுருங்கியது. "பிளான்ல முப்பத்தாறு அங்குலம். இங்க நாப்பத்துநாலு இருக்கு. யாரு மாத்தினது?"

தச்சர் வாயைத் திறந்தார். அவர் ஏதோ பொய் தயார் செய்து வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும், ராத்திரி என்னிடம் ஒத்திகை பார்த்தார். பின்வரிசைக்குத் தெரிவதற்காக உயர்த்தினேன் என்று சொல்வதாகத் திட்டம். நல்ல பொய். அதற்குள் அக்கா முன்னால் வந்துவிட்டாள்.

"தப்பு எங்களுது மேடம். இங்க தூணுல ஒரு கம்பி இருக்கு. நாங்க அதுலதான் அளப்போம். அது உங்க கஜத்துக்கு ஓர் அங்குலம் கூட. எனக்கு அது தெரியாது. துணி ஏழு அங்குலம் கொறஞ்சு வந்துடுச்சு, அதனால மேடைய ஏத்தினோம். மொதல்லயே அந்தக் கம்பியில கட்டினதால மேடையும் ஓர் அங்குலம் கூடத்தான் இருந்திருக்கு. எழுதுறத எழுதிக்குங்க. சாமான் கட்டி வச்சிட்டேன்."

தச்சர் கண்ணை மூடிக்கொண்டார். கமிட்டியில் ஒருவர் தொண்டையைச் செருமினார்.

இன்ஜினியரம்மா, "எந்தத் தூண்?" என்று கேட்டாள்.

காட்டினோம். நாடாவை வைத்தாள். எடுத்து மறுபடி வைத்தாள். பிறகு அங்கேயே தூணில் சாய்ந்து நின்றுவிட்டாள். அவள் காது சிவந்திருந்தது.

"ஜன்னல் சட்டம் பதினாலு திருப்பி அனுப்பினேனே, நினைவிருக்கா?" என்றாள், எங்களிடம் இல்லை, கமிட்டியிடம். "பழைய வரைபடத்துல ஜன்னல் ரெண்டு கஜம்னு போட்டிருந்தது. எழுபத்திரண்டு அங்குலம்னு செஞ்சு கொண்டுவந்தேன். எல்லாமே ரெண்டு அங்குலம் சின்னது. பால்கனிக் கம்பியும் அப்படித்தான், பத்து அங்குலம் பத்தல. சுவர் நகர்ந்திருக்குன்னு நான் ரிப்போர்ட் எழுதிட்டேன். ஒரு மாசமா சுவரத் திட்டிட்டு இருக்கேன். முழுக் கட்டடத்தையும் இந்தக் கம்பியோட பழைய கஜத்துலதான் கட்டியிருக்காங்க." அக்காவைப் பார்த்தாள். "இது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"செவ்வாய்க்கிழமை."

"நீங்க துணியில தப்புப் பண்ணியிருக்காட்டி எனக்கு எப்பவுமே தெரிஞ்சிருக்காது."

கமிட்டியில் பெரியவர் வெளியூர் கம்பெனியைப் பற்றி மெல்ல ஆரம்பித்தார். இன்ஜினியரம்மா அவரை முடிக்க விடவில்லை. "அவங்க வந்து அளந்தா எல்லாம் பொருந்தாது சார். ஒவ்வொரு தடவையும் திருப்பி அனுப்புவோம். இந்தக் கட்டடத்தோட அளவு இவங்க வீட்டுலதான் இருக்கு. விளக்கு பால்கனிக்குப் போகட்டும். ரூம் இவங்களுக்கு." நோட்டில் எழுதி, பெரியவரிடம் நீட்டி, அங்கேயே கையெழுத்தும் வாங்கிவிட்டாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "எனக்கும் ஒரு கோல் அறுத்துக் குடுங்க" என்று தச்சரிடம் கேட்டாள். "அப்புறம், இந்தப் பூனை எல்லாம் ஏன் இங்க இருக்கு?"

"அதுவா மேடம்" என்றார் தச்சர். "நாடகம் பாக்க வந்திருக்கு."

முதல் நாடகம் அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஊரே வந்திருந்தது, மீன்காரம்மா முதல் வரிசையில் புதுச் சேலை கட்டி உட்கார்ந்திருந்தாள். தச்சர் உள்ளே கயிற்றில். அக்காவுக்கு இன்ஜினியரம்மா நாற்காலி போடச் சொல்லியிருந்தாள். அவள் உட்காராமல் கடைசியில் என் பக்கத்தில் நின்றாள். ராஜா அழுதார், யாரோ யாரையோ மாறுவேஷத்தில் ஏமாற்றினார்கள், ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. அவள் கண் முழுக்கக் கீழேயே இருந்தது, பலகையும் துணியும் சேருகிற இடத்தில். ஒவ்வொரு தடவை திரை வந்து மூடும்போதும் என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள்.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு தச்சர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "உள்ள நின்னா ஒண்ணும் தெரியல. கத எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"கதையா? எனக்கென்ன தெரியும்" என்றாள் அக்கா. "ஆறு தடவ மூடுச்சு. ஆறு தடவையும் தரையத் தொட்டுச்சுங்க."